பின்வரிசையில் பிறந்த குட்டிகள்

பாப்பா,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அகரம்தென்னிலிருந்து கேளம்பாக்கத்துக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிக்கலாம். இரண்டு பஸ் மாறினால் உன் வீட்டு வாசல். போனை எடுத்தால் உன் குரல். ஆனால் போனில் பேச்சை எந்த இடத்தில் திருப்பிவிடலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "சாப்ட்டியா, மாப்ள ஆபீஸ் போயிட்டாரா" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நேரில் வந்தாலும் அப்படித்தான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் உங்கள் வீட்டு பாத்ரூம் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க எழுந்து போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் எழுந்து போக முடியவில்லை. காலையிலிருந்து இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதியிருந்தேன், அதனால் கிழித்துப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். நான் முயலுக்கு வேலிமசால் தழை அறுத்து வந்து, ஈரம் வாடட்டும் என்று ஷெட்டு நிழலில் பரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கமாக ஊர்க்கதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு நேராக ஆரம்பித்தாள்.

"ஏங்க, இவ கொழந்தையத் தூக்கவே மாட்டேங்குறா."

"இன்னா சொல்ற?"

"பன்னெண்டு நாளாச்சு. பால் குடுக்கணும்னா நான்தான் தூக்கி மடியில வெக்கணும். குடிச்சு முடிச்சா நான்தான் எடுக்கணும். ரெண்டு கையையும் பெட்டு மேல ஊனிக்கினு ஒக்காந்துகீறா. டாக்டரம்மா கிட்ட சொன்னேன். மொதப் பிரசவத்துல சில பேருக்கு இந்த மாதிரி பயம் வரும், சரியாவலன்னா கூட்டினு வாங்க, பேசலாம்னாங்க."

"அதான் சொல்ட்டாங்கல்ல."

"அது இல்லீங்க. நேத்து மடக்கிக் கேட்டேன். 'அன்னிக்கு நான் தொட்டதுதானம்மா எல்லாம் போச்சு, இதையும் நான் தொடணுமா'ன்றா. முயலச் சொல்றா. பதினெட்டு வருசம் ஆச்சு, இன்னும் அந்த முயலச் சொல்றா."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா "அலோ, அலோ" என்று கூப்பிட்டாள். லைன் கட்டாகவில்லை. முயலுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று சொல்லி நான்தான் போனை வைத்தேன்.

அம்மாவுக்குத்தான் அது புதுச் செய்தி. நான் ஆஸ்பத்திரியிலேயே பார்த்தேன். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினார். நீ கையை நீட்டவில்லை. "எங்கம்மா கிட்ட குடுங்க சிஸ்டர், தையல் வலிக்குது" என்றாய். உன் முகம் தையல் வலிக்கிறவள் முகம் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே இரண்டு ஆட்டோக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். அதற்கப்புறம் உன்னைப் பார்க்க நான் வரவில்லை. முயலை யார் பார்த்துக்கொள்வது என்று சாக்கு சொன்னேன். இப்போது இருப்பது பதினாறு முயல். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் பார்த்துக்கொள்வார்கள். முதல் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம் என்று நீ சொன்னபோதும் நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் கை பட்டால் குட்டி செத்துவிடும் என்று உன் மனதில் போட்டவன் நான். அது பொய். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் விவரம். ஆனால் விவரத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் உனக்கே மறந்துபோன ஒரு பகுதி இருக்கிறது.

திருமுடிவாக்கம் பட்டறையில் ஆளைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். ஃபிட்டராகவே இருந்துவிட்ட எனக்கு வேறு என்ன தெரியும். கம்பி வலையை வளைத்துக் கூண்டு செய்யத் தெரியும், பைப் போடத் தெரியும். அந்தச் சமயத்தில் யாரைப் பார்த்தாலும் முயல் வளர்க்கிறேன் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் நானே ஷெட்டு போட்டேன். முன்வரிசையில் பத்துக் கூண்டு, பின்வரிசையில் பத்துக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு நிப்பிள். முயல் நாக்கால் தள்ளினால் தண்ணீர் சொட்டும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி வால்வு, ஒரு வரிசையில் ரிப்பேர் என்றால் இன்னொரு வரிசை நிற்கக் கூடாது என்று. ஒரு இடத்தில் கசிவு கிடையாது. எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன்னால், கூட்டிப் போய் முயல் தண்ணீர் குடிக்கிற பைப்பைக் காட்டுகிறேன் என்று அம்மா கேலி செய்வாள். உண்மைதான், செய்தேன்.

உனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நீ ஷெட்டில். எந்த முயல் எந்தத் தழையை முதலில் தின்னும் என்பது எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். தழையை ஈரத்தோடு போட்டால் முயலுக்குக் கழிச்சல் வந்துவிடும் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் நான் அவசரத்தில் வாடாத தழையைப் போடப் போனால் நீ வந்து என் கையைப் பிடித்து நிறுத்துவாய். குட்டி போட இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கூண்டுக்குள் ஒரு மரப்பெட்டி வைப்போம். தாய் முயல் தன் வயிற்று முடியைத் தானே பிய்த்து அதில் மெத்தை போடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நீ அழுதாய். "வலிக்காதாப்பா" என்று கேட்டாய். வலிக்காது, அந்த நேரத்தில் முடி தானாகவே தளர்ந்துவிடும் என்று சொன்னேன். அதை மட்டும் உண்மையாகத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் நீ பார்த்திருக்கிறாய். நான்கைந்து பெட்டை முயல்களை ஒரே வாரத்தில் இணைசேர்த்தால் எல்லாம் ஒன்றாகக் குட்டி போடும். ஒன்று பத்துக் குட்டி போட்டிருக்கும், இன்னொன்று நான்குதான் போட்டிருக்கும். பத்து போட்டதிலிருந்து மூன்றை எடுத்து நான்கு போட்டதன் பெட்டியில் வைத்துவிடுவேன். அதுவும் தன் குட்டி என்று பால் கொடுக்கும். கையைக் கழுவிவிட்டு, அந்தப் பெட்டியில் இருக்கிற முடியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தால் போதும். இதை உன் கண் முன்னாலேயே எத்தனை தடவை செய்திருக்கிறேன். மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு என்று எனக்கு அப்போதே தெரியும். கையில் பிடித்து இடம் மாற்றியவனே நான்தானே.

அது மே மாதம், ஒரு சனிக்கிழமை. வெள்ளி இரவுக்குள் பின்வரிசையில் ஐந்து முயல்கள் குட்டி போட்டு முடித்திருந்தன. காலையில் பார்த்தபோது பின்வரிசை லைனில், பைப் வளைகிற இடத்தில், ஒரு எல்போ கசிந்தது. என் லைனில் கசிவா என்று எனக்குத் தாங்கவில்லை. வால்வை மூடினேன், எல்போவை மாற்றி ஒட்டினேன், காய ஒரு மணி நேரம் ஆகும் என்று கையைத் துடைத்தேன். அப்போது திருமுடிவாக்கத்திலிருந்து பழைய முதலாளி கூப்பிட்டார். ஒரு வேலை சிக்கிக்கொண்டது, ஞாயிறு காலைக்குள் முடிக்க வேண்டும், வந்து கைகொடு என்றார். என்னை வேண்டாம் என்று அனுப்பியவர் வா என்று கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விட்டாள். உன்னிடம் சொன்னேன். முன்வரிசைக்குத் தழை போடு, குட்டி போட்டதுகளுக்கு இன்றைக்குத் தழை வேண்டாம், குச்சித் தீவனம் மட்டும் போதும், பெட்டிப் பக்கம் போகாதே. அவ்வளவு சொன்னேன். கிளம்பிவிட்டேன்.

வால்வைத் திறக்கவில்லை பாப்பா.

மறுநாள் மதியம்தான் திரும்பி வந்தேன். அந்த வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பால் கொடுக்கிற ஐந்து தாய்களுக்கு ஒரு நாளுக்கும் மேலாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தழையாவது தின்றிருந்தால் அதில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும். அதையும் நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். காய்ந்த தீவனத்தைத் தின்னத் தின்ன தாகம்தான் ஏறும். குட்டி போட்ட முயலுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று முயல் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். குட்டியைத் தின்னும். இல்லாவிட்டால் பெட்டிப் பக்கமே போகாது.

நான் வருகிற நேரத்துக்கு உன் மாமாவும் அத்தையும் வந்து வாசலில் நின்றார்கள். மாமாவும் தன் இடத்தில் முயல் ஷெட்டு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். என் பைப் லைனைப் பார்க்கத்தான் வந்தார்கள். பெரிய மனுஷன் மாதிரி அவர்களை ஷெட்டுக்குள் கூட்டிப் போனேன். பின்வரிசையில் பார்த்ததை நான் இங்கே எழுதவில்லை. நீயும் பார்த்தாய். ஒரு தாயும் செத்துக் கிடந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னா மச்சான் இது" என்றார் மாமா. நான் உன் பக்கம் திரும்பினேன்.

"பெட்டியத் தொட்டியா?"

நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "நேத்து எண்ணிப் பாக்கலாம்னு ஒரு தபா எடுத்தேன்ப்பா. கையக் கழுவிட்டுத்தான். நீ செய்ற மாதிரியே முடியில தொடச்சிக்கினுதான்" என்றாய்.

அடித்தேன். நான்கு பேர் முன்னால் அடித்தேன். "உன் கை பட்டுதான் எல்லாம் செத்துது" என்றேன். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், "நீ மட்டும் தொடலாமாப்பா?"

"என் கை வேற, உன் கை வேற" என்றேன்.

அதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் வால்வு மூடியிருப்பது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் கை பட்டதால் சாகாது என்பது தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பழியைத் தூக்கி வைக்க என் கைக்கு எட்டும் தூரத்தில் நீதான் இருந்தாய்.

அவர்கள் போன பிறகு, சாயங்காலம், ஷெட்டைக் கழுவப் போனேன். குழாயைத் திருப்பினால் பின்வரிசையில் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தேன். வால்வு மூடியிருந்தது. பக்கத்திலேயே நான் எல்போவுக்குத் தடவிய பசை டப்பா, மூடிகூடப் போடாமல். நான் அதைத் திறந்தேன். தண்ணீர் பைப்பில் ஓடுகிற சத்தம் கேட்டது. மீதமிருந்த நான்கு தாய்களும் ஒரே நேரத்தில் நிப்பிளில் வாய் வைத்தன. வெகுநேரம் விடவில்லை. வீட்டுக்குள் நீ குப்புறப் படுத்திருந்தாய். பத்தடி தூரம். வந்து சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் பசை டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இப்போது நீ மறந்துவிட்ட பகுதி. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ பட்டறைக்குப் போன் செய்தாய். நம் வீட்டு லேண்ட்லைனிலிருந்து. பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"அப்பா, பின்னாடி லைன்ல முயலுங்க எல்லாம் நிப்பிளைக் கடிச்சிகினே கீதுங்கப்பா."

"அதுங்களுக்கு அது வெளாட்டு."

"இல்லப்பா. நான் விரல வெச்சு அமுக்கிப் பாத்தேன். தண்ணி வர்ல."

"நீ அமுக்குனா வராது. முயல் நக்குனாத்தான் வரும்."

இது பச்சைப் பொய். யார் அமுக்கினாலும் வரும். கிரைண்டரை நிறுத்திவிட்டு முதலாளி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். உன்னைப் போனை வைக்கச் செய்ய வேண்டும், அதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அப்போதும் விடவில்லை.

"கிண்ணத்துல தண்ணி வெக்கட்டாப்பா?"

"வாணாம். கவுத்து வுட்டு பொட்டியெல்லாம் ஈரமாக்கும். நீ சும்மா இரு."

நீ சும்மா இருந்தாய். அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை. திங்கட்கிழமை காலையில் நீ ஷெட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். பின்வரிசையில் ஒரு முயல் நக்கியது, தண்ணீர் வந்தது. அப்பா சொன்னது சரிதான், முயல் நக்கினால்தான் வரும் என்று நீ நினைத்திருப்பாய். அப்புறம் உன் நினைவில் உன் கை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் டீ குடித்தேன்.

அன்றைக்கு அந்த ஷெட்டில் என்ன தப்பு நடக்கிறது என்று பார்த்த ஒரே ஆள் நீ. என்ன செய்ய வேண்டும் என்று சரியாகச் சொன்ன ஒரே ஆளும் நீ. உன் பேச்சைக் கேட்டு ஐந்து கிண்ணம் வைக்க விட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். பெட்டி ஈரமானால் வைக்கோலை மாற்றிக்கொண்டிருக்கலாம். இவ்வளவுதான் விஷயம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் இருந்த நிதானம் என்னிடம் இல்லை, அதை ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பெரிதாக ஒரு காரணமும் இல்லை, அதுதான் கேவலம். உன் மாமா என்னிடம்தான் பைப் வேலையைக் கொடுப்பதாக இருந்தார். வால்வைத் திறக்க மறந்த ஃபிட்டர் என்று நான்கு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். ஒரு வாரம் போனால் நீ மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். ஒரு மாதம் கழித்து அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். இப்படியே தள்ளிப் போட்டது பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு நாள் இருந்தது. அந்த வருஷம் ஆவணியில் உன் அத்தைக்குக் குழந்தை பிறந்து பேர் வைத்தார்கள். சிட்லபாக்கத்தில், அவர்கள் வீட்டு மாடியில். பிள்ளைகள் எல்லாம் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் குழந்தையை வாங்கி வாங்கிப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். உன் முறை வந்தது. நீ கையை நீட்டினாய். அத்தை பாதியில் குழந்தையை இழுத்துக்கொண்டாள். "யம்மா, இவ கைல வாணாம்பா. முயல் குட்டியே தாங்கல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். நானும் சிரித்தேன் பாப்பா. நீட்டின கையை நீ மெல்ல இழுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாய். அறைந்ததைக்கூட நான் ஒரு நாள் மறந்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம் நீ ஷெட்டுப் பக்கம் வரவில்லை. மாட்டு டாக்டராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் காமர்ஸ் எடுத்தாய். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டால்கூடத் தூரத்திலிருந்துதான் பார்ப்பாய். பொண்ணு வளர்ந்துவிட்டாள், அடக்கமாக இருக்கிறாள் என்று வந்தவர்கள் சொன்னால் நான் தலையாட்டினேன். உன்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன், அதுவும் சத்தியம்.

இப்போது முயலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன். உன்னையும் முயலையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று கோபப்படாதே. எனக்கு வேறு பாஷை தெரியாது. முதல் ஈற்று முயல் நிறைய நேரம் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வராது. கூண்டின் மறுகோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். புதிதாக வளர்க்கிறவர்கள் பார்த்துவிட்டு, இது தாயா என்று திட்டுவார்கள். நாளுக்கு ஒரு தடவை, இரண்டு தடவைதான் அது பால் கொடுக்கப் போகும். போய் நின்றால் சில நிமிடம். குட்டி வயிறு புடைக்கக் குடித்துத் தூங்கும். யாரும் பார்க்காத நேரத்தில் நடப்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. நான் இன்றைக்கும் தினமும் எல்லாப் பெட்டியிலும் கைவிட்டு எண்ணுகிறேன். செத்தது இருந்தால் எடுத்துப் போட வேண்டும், தள்ளிப்போய்க் கிடப்பதைக் கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். கை வைக்காமல் முயல் வளர்க்க முடியாது. இந்தப் பதினெட்டு வருஷத்தில் கை பட்டதால் ஒரு குட்டியும் சாகவில்லை. உன் கையால் அன்றைக்குச் செத்ததும் ஒன்றுகூட இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் தகப்பன், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீயும் உன் குழந்தை விஷயத்தில் தப்பு செய்வாய். பாலைச் சூடாகக் கொடுத்துவிடுவாய், மருந்து நேரத்தை மறந்துவிடுவாய், உன் ஆபீஸ் எரிச்சலை அதன் மேல் காட்டுவாய். செய்யாத தாய் தகப்பன் கிடையாது. செய்தால் அன்றைக்கே அதன் முகத்தைப் பார்த்து "என் தப்பு" என்று சொல்லிவிடு. புரியாத வயசு என்றாலும் சொல். அன்றைக்குச் சொன்னால் இரண்டு வார்த்தை. தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் உன் அப்பன் இருக்கிறேனே. அப்புறம், இந்தக் கடிதத்தைப் படித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ப் பேசு. என்னைப் பற்றியும் சேர்த்துச் சொல். மாப்பிள்ளையிடமும் மறைக்காதே. அவர் என்னை என்ன நினைத்தாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

இன்றைக்குக் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டேன். முடித்த பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு அவ சாப்புடாம படுத்தா. 'தப்பும் பண்ணிட்டு ரோசம் வேறயா'ன்னு நான் திட்னேன். நீ பக்கத்துல ஒக்காந்து சோறு துன்னுகினு இருந்த. ஞாபகம் கீதாய்யா?"

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அம்மா என்னை நீ, வா, போ என்று பேசியதில்லை. இருக்கு என்றேன்.

"ஞாயித்துக்கெழமை கொழந்தைய தொட்டில்ல போடறோம். எங்கண்ணன், அண்ணி எல்லாரும் வராங்க. அவங்க எதிர்லதான அடிச்ச, அவங்க எதிர்லயே சொல்லு. முடியாதுன்னா வராத."

அவள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. உன்னிடம் தனியாகச் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. அடித்தது ஊர் முன்னால், மன்னிப்பு மட்டும் ரகசியமாக என்றால் அதுவும் ஒரு ஏமாற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை வருவேன். உன் மாமா, அத்தை முன்னால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொல்வேன். வால்வை மூடினது நான், மறந்தது நான், பொண்ணு போன் பண்ணிச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, தெரிந்தும் அவள் மேல் பழி போட்டேன். இந்த வரிசையிலேயே சொல்வேன். அந்த நேரம் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றில்லை. என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவும் வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படு, எல்லோர் முன்னாலும் கோபப்படு.

இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் நானே கொண்டுவந்து உங்கள் கட்டடத்து செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மேலே வர மாட்டேன். நீ படிக்கும்போது எதிரில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "பரவால்லப்பா" என்று உன்னைச் சொல்லவைக்கக் கூடாது. அந்த வித்தையும் எனக்குத் தெரியும்.

அம்மா கீழே வந்து இதை வாங்கி, உன்னிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போகிறேன் என்பாள். வேண்டுமென்றேதான் போவாள், நாங்கள் பேசிவைத்திருக்கிறோம். மாடிக்குப் போக மாட்டாள், கதவுக்கு வெளியே லிஃப்ட் பக்கத்தில்தான் நிற்பாள். நீ கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். நீ இந்த இடத்தைப் படிக்கும்போது குழந்தை விழித்திருக்கும். பத்து மணி வாக்கில் அதற்குப் பசி எடுக்கிறது என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அழும். அம்மாவைக் கூப்பிடாதே. நீயே எடு.

அப்பா